செருப்புப் போட்ட புத்தர்

மெல்பேணில், டண்டினொங் சந்தையில் வாயைத் திறந்து சிரிக்கிற வயதுபோன தமிழர்களில் பாதிப் பேருக்குப் பல் செய்து கொடுத்தவர் என் மச்சாள் சத்தியபாமா. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மச்சாள் என்றால் என் அண்ணன் ஆனந்தராஜாவின் மனைவி. பல் வைத்தியர்கள் ஆட்களின் வாய்க்கு அச்செடுத்து அனுப்புவார்கள். டண்டினொங்கில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன லாப்பில் உட்கார்ந்து, அந்த அச்சுக்கு ஏற்றபடி பல்செட் செய்வது அவருடைய வேலை. ஆளைக் காணாமலே ஆளைச் சொல்லிவிடுவார். "இந்த மனிசன் இடப்பக்கத்தாலைதான் சப்புறவர். கோவம் வந்தால் பல்லை நெரிக்கிறவர்" என்பார். என் வாயைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "தாட்சா, உமக்குப் பல்லிலை ஒரு பிழையுமில்லை. நாக்கிலைதான்" என்றார். அன்றிலிருந்து கேட்பதில்லை.

கைமூட்டு வலி வந்து அந்த வேலையை விட்டபோது, கிரான்பர்ன் வீட்டில் ஆறுதலாக இருங்கோ என்று எல்லாரும் சொன்னோம். இருக்கிற ஆளா அவர்? குசினி அலுமாரி முழுவதையும் இறக்கிக் கழுவினார். மறுகிழமை திரும்பவும் இறக்கினார். பொறுக்கமுடியாமல் மகள் வினுஷா தாயை ரயிலில் ஏற்றி நகரத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் விஷயம் பிழைத்தது. அல்லது சரிவந்தது. ஒரு புத்தரின் சாம்பல்நிறக் கல்முகத்துக்கு முன்னால் நின்ற மனிசி அசைய மறுத்துவிட்டார். "அம்மா, கமோன்" என்று வினுஷா இழுத்தும் காரியமில்லை.

"அந்த வாயைக் கண்டிருக்கவேணும் நீர்," என்று அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுத்தார். "மேலுதடு இப்பதான் சிரிச்சு முடிஞ்சமாதிரி நிக்குது. நான் எத்தினை ஆயிரம் வாய் பார்த்தனான், தாட்சா. கல்லிலை இப்பிடி ஒரு வாயை வெட்டினவன் ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்."

வெட்டினவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர் தெரியும். காந்தாரம். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பக்கமும் ஆப்கானிஸ்தானின் ஒரு பகுதியும். சுமார் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பு அங்கே கிரேக்கரும் வந்திருந்தார்கள், நடுஆசியாவிலிருந்து அரசர்களும் வந்திருந்தார்கள், உரோமாபுரிச் சாமான் விற்கிறவர்களும் போய்வந்தார்கள். புத்த சமயம் இந்தியப் பக்கத்திலிருந்து போனது. புத்தருக்கு முகம் செய்யவேண்டும் என்றபோது அந்த ஊர்ச் சிற்பிகள் கூச்சப்படவே இல்லை. கிரேக்கத் தெய்வத்தின் மூக்கையும் சுருள்முடியையும் எடுத்தார்கள். இந்தியப் பக்கத்துத் தாழ்ந்த கண்ணிமையையும் நீண்ட காதையும் எடுத்தார்கள். உரோமர் உடுக்கிற மாதிரிச் சால்வையை மடிப்பு மடிப்பாகப் போர்த்திவிட்டார்கள். இதையெல்லாம் நான் எங்கே படித்தேன்? படிக்கவில்லை. மச்சாள் சொல்லிச் சொல்லி என் காதிலேயே ஊறிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கலைக்கூடத்தின் வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தார். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் சும்மா எடுத்துவிடமாட்டார்கள். மாதக்கணக்கில் வகுப்பு, வாசிப்பு, பிறகு ஆட்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் பேசிக்காட்டிப் பரீட்சை. குசினியில் பிரஷர் குக்கரை முன்னால் வைத்து, "குட் மோர்னிங், எவ்ரிவன்" என்று அதற்குப் புத்தரை விளங்கப்படுத்துவார். குக்கர் விசில் அடித்தால், "கேள்விகளைக் கடைசியிலை கேளுங்கோ" என்பார். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்திருக்கிறேன். முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டார். எங்கள் குடும்பத்தில் கார் லைசென்ஸைக்கூட முதல் தடவையில் எடுத்தவர் கிடையாது.

ஆனால் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதுதான் மச்சாளின் நெஞ்சுக்குள் கிடந்த முள். குளிரோ மழையோ, அவரைக் கிரான்பர்ன் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார். ரயில் வருகிற நேரத்துக்குக் காரோடு வந்து நிற்பார். சூடாறாமல் தேத்தண்ணிப் போத்தல்கூட வைத்திருப்பார். "இண்டைக்கு என்ன சொன்னீர்? ஆர் வந்தது? கேட்டவையோ?" என்று ஒரு வார்த்தை? ஒன்றுமில்லை. மச்சாள் தானாகக் கதை தொடங்கினால், காரின் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அண்ணனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. அந்தக் காரணம் எனக்கும் காரணம்தான். இலங்கையில் எங்கள் ஊரில், வீட்டு வளவுக்குள் ஒரு அரசமரம் நின்றது. சண்டைக்காலத்தில் வளவைச் சேர்த்து ராணுவம் முகாம் போட்டது. மரத்தின் கீழே ஒரு புத்தர் வந்து இருந்தார். முகாம் போனது, புத்தர் போகவில்லை. சுற்றி மதிலும் மண்டபமும் எழும்பிவிட்டன. சண்டை முடிந்தபின் அண்ணன் காணி உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். வாசலில் காவலுக்கு விட்டிருந்த இளம் சிப்பாய் மரியாதையாகத்தான் பேசினானாம். உள்ளே போகலாம், ஆனால் செருப்பைக் கழட்டவேண்டும் என்றானாம்.

"என்ர வளவுக்குள்ளை போறதுக்கு என்ர செருப்பைக் கழட்டச் சொன்னவன்," என்று அண்ணன் எனக்கு ஒரேயொரு தடவை சொன்னார். கழட்டவில்லை. உள்ளே போகவுமில்லை. திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு புத்தர் படம் போட்ட சாம்பிராணிப் பெட்டிகூட அந்த வீட்டுக்குள் வந்தது கிடையாது. அப்படிப்பட்ட மனிதனின் மனிசிக்குப் போயும் போயும் புத்தரில் பைத்தியம் பிடித்தால் என்ன செய்வது?

இந்த வருசம் காந்தாரச் சிலைகள் பல சேர்ந்து ஒரு கண்காட்சிக்கு மெல்பேணுக்கு வந்தன. மச்சாளோடு பயிற்சி எடுத்த ஒரு கிரேக்கப் பெண்மணி, தங்கள் ஆட்களுக்குக் கிரேக்க மொழியில் சுற்றிக்காட்டப் போவதாகச் சொன்னாராம். மச்சாள் உடனே கையைத் தூக்கியிருக்கிறார். "நான் தமிழிலை செய்யிறன்." பொறுப்பாளர் பெண் யோசித்துவிட்டு, ஒருமுறை செய்து பார்க்கலாம், ஆட்கள் வந்து நன்றாக நடந்தால் நிகழ்ச்சிநிரலில் போடலாம் என்றார். அந்தக் கலைக்கூடத்தில் அதுவரை தமிழில் யாரும் எதையும் சுற்றிக்காட்டியதில்லை.

ஆட்களுக்கு எங்கே போவது? எங்கள் முதியோர் சங்கம் இருக்கிறதே. அதன் சின்ன பஸ்ஸை ஓடுகிறவர் யார்? என் அண்ணன். வேலை செய்த காலமெல்லாம் மெல்பேண் வீதிகளில் பஸ் ஓடியவர், ஓய்வெடுத்தபின் சங்கத்துக்குச் சும்மா ஓடுகிறார். சங்கக் கூட்டத்தில் மச்சாள் எழும்பி விஷயத்தைச் சொன்னதும், தலைவர் வரதராஜா அங்கிளின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"எல்லாம் விட்டிட்டு, புத்தரைப் பார்க்கவோ எங்கட சனத்தைப் பஸ்ஸிலை ஏத்திறது?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அங்கிள், போன மாசம் பெங்குவின் பார்க்க ஏத்தினீங்கள். பெங்குவின் என்ன சைவமோ?"

சபை சிரித்தது. அங்கிளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு எல்லாரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவருடைய வளவுக் கதை அங்கே தெரியாத ஆளில்லை. மச்சாள் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பஸ் ஓடுறன்," என்றார் அண்ணன். கொஞ்சம் பொறுத்து, "உள்ளுக்கை வரமாட்டன்" என்றார்.

வீட்டுக்குப் போகும்போது மச்சாள் என்னிடம், "சனம் வருகுது, அது காணும்" என்றார். போதாது என்று எனக்குத் தெரியும். அந்த மனிதன் ஒருநாள், ஒரேயொரு நாள், தான் பேசுவதை நின்று கேட்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. குக்கருக்கு முன்னால் பேசிய காலத்திலிருந்தே ஆசை அதுதான்.

அந்தச் சனிக்கிழமை கலைக்கூடத்து வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டு, அண்ணன் பஸ்ஸைப் பக்கத்துத் தெருவில் நிறுத்தப் போய்விட்டார். நாங்கள் உள்ளே போனோம். மச்சாள் பழுப்புநிறச் சேலை கட்டி, வழிகாட்டிகளின் அட்டையைக் கழுத்தில் போட்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார். எங்களுக்குச் சற்று முன்னால் கிரேக்கக் கிழவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு புத்தரின் சுருள்முடியைக் காட்டி, இது எங்கள் ஆள், எங்கள் ஆள் என்று அவர்கள் கைகொட்டாத குறை. "மூக்கு உங்களுடையதாய் இருக்கட்டும், காதை விடமாட்டம்" என்றார் எங்கள் சங்கத்து நாகரத்தினம் அன்ரி, அவர்களுக்கு விளங்காத தமிழில். வாயில் மச்சாள் செய்த பல், அழகாகச் சிரித்தார்.

கடைசி அறையில்தான் கூத்து. அந்த அறையை இருட்டாக விட்டு, நடுவில் நின்ற ஒரு சிலைக்கு மட்டும் வெளிச்சம் விழவைத்திருந்தார்கள். ஆளுயரச் சாம்பல் கல். முறுக்கிய மீசை. கழுத்து நிறைய ஆரம். தோளில் சால்வை. வலக்கை உடைந்துவிட்டது, இடக்கையில் சின்னக் குடுவை. அப்படியே கோயில் மூலஸ்தானம் மாதிரி. மச்சாள் முன்னே போய்ச் சிலையின் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார், ஒருத்தரும் பின்னால் இல்லை. எங்கள் சனம் முழுவதும் வாசலில் குனிந்து செருப்பையும் சப்பாத்தையும் கழட்டிக்கொண்டு நிற்கிறது! யாரும் சொல்லவில்லை. கால் தானாகக் கழட்டிவிட்டது. வரதராஜா அங்கிள், புத்தருக்குப் பஸ் எதற்கு என்று கேட்ட அதே அங்கிள், காலுறையையும் கழட்டி மடித்துப் பொக்கெற்றில் வைத்துவிட்டார்.

வாசலில் செருப்பு மலை. காவலுக்கு நின்ற பெரிய உடம்புச் சமோவாக்காரர் ஓடிவந்தார். நல்ல மனிதன், கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டே, இதை வழியில் போடமுடியாது, யாராவது தடக்கி விழுவார்கள், வெறுங்காலோடும் உள்ளே நிற்கமுடியாது, சட்டம் அப்படி என்றார்.

"ஆனந்தராஜாவைக் கூப்பிடுங்கோ," என்றார் அங்கிள், வெகு சாதாரணமாக.

இதை விளங்கப்படுத்தவேண்டும். கோயிலுக்குப் போனால் செருப்புக் காவல் எப்போதும் அண்ணன்தான். ஒருமுறை அங்கிளின் புதுச் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட, அந்தப் புலம்பல் தாங்காமல் அண்ணன் பஸ்ஸில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை வைக்கத் தொடங்கினார். எல்லாருடைய செருப்பும் அதற்குள் போகும், திரும்பி வரும்போது யாருடையது எது என்று பார்த்து அவரே கொடுப்பார். நான் போன் எடுத்தேன். "அண்ணை, கூடையோடை ஒருக்கால் உள்ளுக்கை வாங்கோ. செருப்பு."

"அங்கையும் கழட்டிப்போட்டினமோ?" என்றார். குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் வந்தார். தலையை நிமிர்த்தாமல், செருப்பை மட்டும் பார்த்தபடி வந்து கூடையை வைத்தார்.

அதற்குள் காவலர் மேலிடத்துக்குச் சொல்லி, பொறுப்பாளர் பெண்ணும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செருப்பைப் போட்டால் சுற்றிக்காட்டல் தொடரலாம், இல்லையென்றால் எல்லாரும் வெளியே வரவேண்டும் என்றார். மச்சாள் அதைத் தமிழில் சொன்னார். சனம் அசையவில்லை.

"அதெப்பிடி பிள்ளை, சாமிக்கு முன்னாலை செருப்போடை நிக்கிறது?" என்றார் நாகரத்தினம் அன்ரி. அங்கிளும் தலையை ஆட்டினார். "பழக்கமில்லை."

ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டு, தமிழில் முதல் சுற்றிக்காட்டல், அது ஒரு கூடை செருப்பில் முடியப்போகிறதா? மச்சாள் சிலையைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை அல்ல, கீழே.

"எல்லாரும் ஒருக்கால் அவற்ர காலைப் பாருங்கோ," என்றார்.

பார்த்தோம். கல்லில் செதுக்கிய அந்தப் பாதங்களில் செருப்பு. வார் வைத்த செருப்பு. விரல்களுக்கு நடுவே ஒரு வார், குறுக்கே ஒரு வார், இரண்டும் சந்திக்கிற இடத்தில் மணி பதித்த மாதிரி ஒரு பூ.

"இவர் இப்ப வெறுங்காலோடை நிக்கிற சாமி இல்லை," என்றார் மச்சாள். "அந்த ஊர்ச் சிற்பி தன்ர ஊர் இளவரசரைப் பார்த்து இவரைச் செய்திருக்கிறான். மீசை, நகை, செருப்பு, எல்லாம் வைச்சிருக்கிறான். நாங்கள் செருப்போடை நிண்டால் இவர் ஒண்டும் நினைக்கமாட்டார்."

நாகரத்தினம் அன்ரி கிட்டப் போய், குனிந்து, நன்றாகப் பார்த்தார். "அட! கலியாண மாப்பிள்ளை மாதிரியெல்லோ வெளிக்கிட்டு நிக்கிறார். அவரே கழட்டேல்லை, நான் ஏன் கழட்டுவான்? ஆனந்தராஜா, என்ர சப்பாத்தைக் கொண்டா தம்பி!"

அறை முழுக்கச் சிரிப்பு. காவலரும் விளங்காமலே சிரித்தார். அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேறு வழியில்லை, கொடுக்கிறவர் அவர்தானே. ஒவ்வொருவருக்கும் அவரவர் சோடியை எடுத்து நீட்டினார். அன்ரிக்குக் குனிய ஏலாது. அண்ணன் சிலையின் பீடத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்து அன்ரியின் சப்பாத்துப் பட்டியை மாட்டினார். அவர் முகத்துக்கு நேரே கல்லுச் செருப்பு. மாட்டி முடிந்தபிறகும் எழும்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் நிறுத்தவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். மடிப்புகளைச் சொன்னார். குடுவையைச் சொன்னார். வாயைச் சொன்னபோது, பல்லுக் கட்டின கை அது, காற்றில் ஒரு உதட்டை வரைந்து காட்டியது. வெளியே நடந்துகொண்டிருந்தவர்களில் தமிழ் கேட்டு ஒருவர் இருவர் உள்ளே வந்து எங்களோடு நின்றுகொண்டார்கள். "இவர் முந்தி வந்த புத்தர் இல்லை," என்றார் மச்சாள். "இவருக்கு மைத்ரேயர் எண்டு பேர். இனி வரப்போற புத்தர். இன்னும் வரேல்லை."

அண்ணன் எழும்பினார். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்தக் கல்லின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வரட்டும்," என்றார், எல்லாருக்கும் கேட்க. "வரேக்கை வீட்டுக்காரரைக் கேட்டுப்போட்டு வரச் சொல்லும்."

வளவு எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அங்கிள் நிலத்தைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன். வழிகாட்டி என்ன சொல்லவேண்டும் இதற்கு? பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்களா? அவர் வழிகாட்டியாகப் பதில் சொல்லவில்லை. அண்ணனை நேரே பார்த்துச் சொன்னார்.

"ஓம், இஞ்சருங்கோ. சொல்லுறன். செருப்பையும் வாசலிலை கழட்டிப்போட்டு வரச் சொல்லுறன்."

அண்ணன் சிரித்தார். எத்தனையோ வருசமாக நான் காணாத சிரிப்பு, தோள் குலுங்கி, கண்ணைத் துடைக்கிற சிரிப்பு. சனம் முழுவதும் சேர்ந்து சிரித்தது. வாயில் கிடந்த பற்களில் பாதி மச்சாளுடையவை. பொறுப்பாளர் பெண் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, என்ன நடந்தது, என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்து, விட்டுவிட்டேன்.

அண்ணன் பஸ்ஸுக்குத் திரும்பிப் போகவில்லை. வெறுங்கூடையோடு சுவரில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டார். முடிந்ததும் எல்லாரும் கைதட்ட, இடையில் வந்து சேர்ந்தவர்களில் ஒரு அம்மா அண்ணனுக்குப் பக்கத்தில் வந்தார். வேதவல்லி என்று பேர், தமிழ்நாட்டுக்காரர்.

"ரொம்ப நல்லா சொன்னாங்க! அந்த அம்மா யாருங்க, ப்ரொஃபஸரா?"

அண்ணன் கூடையை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார். நிமிர்ந்து நின்றார்.

"என்ர மனிசி," என்றார். அந்த அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணன் தானாகவே தொடர்ந்தார். "அடுத்த மாசமும் செய்யிறா. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த மாதம் உண்டா இல்லையா என்று கலைக்கூடம் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அண்ணன் சொல்லிவிட்டார்.